சுலோச்சனாவுக்கு ஒரு வத்தல் மிஷின்

ரெண்டே ரெண்டுதான் இருக்கு, அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போகவேண்டியதுதானே, இதுக்கு ஏன் இந்த ஆளு இவ்வளவு நேரம் நிக்கிறாருன்னு கடைப் பொண்ணு நினைக்கிறா. வாய் திறந்து சொல்லல, முகத்துல ஓடுது. சட்டையில ஜெசிந்தான்னு பேர் குத்தியிருக்கு. நல்ல பொண்ணுதான், நான் வட்டத்தைப் பாத்தா வட்டத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கிறா, சதுரத்தைப் பாத்தா சதுரத்துக்கு நகர்றா. வட்டம்ங்கிறது இட்லித் தட்டு அடுக்கினாப்பல ஒண்ணு மேல ஒண்ணா பிளாஸ்டிக் தட்டு, மேல ஒரு மூடி. சதுரம் சின்ன பீரோ கணக்கா கதவு வெச்சது, உள்ள ஸ்டீல் தட்டு, மேஜை டிராயர் மாதிரி இழுத்துத் தள்ளலாம். வட்டத்துக்குக் காத்து அடியிலேருந்து வருதாம், சதுரத்துக்குப் பின்னாலேருந்து வருதாம். எதும்மா நல்லதுன்னு கேட்டேன். ரெண்டுமே நல்லா மூவ் ஆகுது சார்ங்கிறா. மூவ் ஆகுதுன்னா விக்குதுன்னு சொல்றா, வேலை செய்யுதான்னு நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல, ஆனா அவளைச் சொல்லி என்ன பண்றது, அவ வீட்ல இதை வெச்சுக்கிட்டு இருக்கப் போறாளா என்ன. வெளிய சாஸ்திரி ரோடு சித்திரை வெயில்ல கொதிக்குது, உள்ள ஏசியப் போட்டு என் முழங்காலைக் குத்த விட்டிருக்காங்க. எதிர்ச் சுவர் பூரா டிவி, அத்தனையிலயும் ஒரே அருவி, சத்தமே இல்லாம கொட்டுது. குடிநீர் வாரியத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் நான். தண்ணி வரலைன்னா ஜனங்க என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. தண்ணிய வரவழைக்கிறதே பொழப்பா இருந்துட்டு, இப்ப தண்ணிய உறிஞ்சி எடுக்கிற மிஷின் முன்னாடி வந்து பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

டப்பா மேல படம் போட்டிருக்கான். ஆப்பிள் வில்லை, கிவிப்பழ வில்லை, ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அதைக் கடிச்சுக்கிட்டு சிரிக்குது. கூழ் வத்தல் எங்கயும் இல்ல. மோர் மிளகாய் இல்ல. சுண்டைக்காய்கூட இல்ல. நமக்கு வேணுங்கிறது எதையும் இவன் யோசிக்கவே இல்ல போலிருக்கு, பின்ன எதை நம்பி வாங்கறது. நாளைக்குக் கல்யாண நாள், சுலோவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னுதான் வந்தேன், வீட்ல சொல்லிட்டு வந்தது முடி வெட்டப் போறேன்னு. முடி வெட்டாம போனா கேப்பா. கேட்டா என்ன சொல்றது, கூட்டம்னு சொல்லிக்கலாம். பூண்டு உரிச்சுக்கிட்டே தலையைத் தூக்காம, சரி போய்ட்டு வாங்கன்னா. அந்த சரியில ஒண்ணுமே இல்ல. கோபம் இருந்தா எனக்குத் தெரியும், அவ கோபத்துல பாத்திரம் பேசும், டம்ளரை வைக்கிற சத்தத்துலயே புரிஞ்சிடும். இப்ப ரெண்டு மாசமா பாத்திரமெல்லாம் அமைதியா இருக்கு. அதான் என்னைப் பயமுறுத்துது. மிஷினைக் கொண்டுபோய் வெச்சா என்ன சொல்லுவா? வருஷா வருஷம் எனக்குன்னு நீங்க வாங்கறதெல்லாம் வீட்டுக்குத்தான் வருதுன்னு ஒரு தடவை சொன்னா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, மிக்ஸி வாங்கின வருஷம். அப்பறம் புடவை வாங்கினேன், அதைப் பிரிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லி பீரோவுல வெச்சா, இன்னிக்கு வரைக்கும் அது பீரோவுலதான் இருக்கு. அப்ப வீட்டுச் சாமானும் தப்பு, புடவையும் தப்பு. நகைக் கடைக்குப் போயிருக்கணுமோ. போனா மட்டும் எனக்கு என்ன தெரியப் போகுது, அங்கயும் இப்படித்தான் ஒரு பொண்ணு வந்து பக்கத்துல நிப்பா.

ஆனா வேற எதையும் வாங்க முடியாது, இதைத்தான் வாங்கணும், ஏன்னா மாடிய அடைச்சது நான்தான். எங்க ஃப்ளாட்டுக்கு நான்தான் செக்ரட்டரி. மொட்டை மாடி பூரா சோலார் தகடு போடறதுன்னு தீர்மானம் போட்டப்ப, மகாலிங்கம் சார் இருக்கறவரைக்கும் நமக்கென்ன கவலைன்னு எல்லாரும் கை தட்டினாங்க, எனக்கும் குளுகுளுன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்வானேன். சுலோ கடைசி வரிசையில உக்காந்திருந்தா. கை தட்டினாளான்னு நான் பாக்கல. போட்டுட்டுப் போனவன் சொன்னான், சார், நடுவுல யாரும் நடமாடக் கூடாது, தகட்டுல ஏதாவது விழுந்துச்சுன்னா நான் பொறுப்பில்லைன்னு. அதனால கதவுக்குப் பூட்டு போட்டேன், யாரும் மேல போகக் கூடாதுன்னு லிஃப்ட் பக்கத்துல எழுதி ஒட்டினேன், கீழ என் கையெழுத்து. சாவி எங்க வீட்லதான் தொங்குது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில. மாசி முடிஞ்சு பங்குனி வெயில் ஏற ஆரம்பிச்சப்ப நானே சொன்னேன், சாவி இங்கதானே இருக்கு, ஓரமா கொஞ்சம் இடம் இருக்கு, நீ போய்ப் பிழிஞ்சுட்டு வா, யாரு கேக்கப் போறாங்கன்னு. சுலோ சொன்னா, செக்ரட்டரி பொண்டாட்டியே போனா மத்தவங்க என்ன சொல்லுவாங்க, வேணாங்க, இந்த வருஷம் வத்தல் வேணாம், விட்டுடுவோம். அவன்? அப்படின்னு கேட்டேன். அவன் கடையில வாங்கிக்குவான், புனேல இல்லாத கடையான்னா. சொல்லிட்டு அரிசி களைய ஆரம்பிச்சுட்டா. பால்கனியில போடலாமேன்னேன், அங்க ஏதுங்க வெயிலுன்னா. உண்மைதான், வடக்குப் பாத்த பால்கனி, எதிர்ல இன்னொரு கட்டடம், காலையில ஒரு கீத்து வரும், துண்டு காயறதே பெரிய விஷயம். அந்த ஃப்ளாட்டைப் பாத்துப் பாத்து வாங்கினதும் நான்தான், வடக்குப் பாத்தா குளிர்ச்சியா இருக்கும்னு.

அவன்னா சிபி. எங்க ஒரே பையன். புனேல ஏசி பண்ற கம்பெனியில இருக்கான். அவன் எனக்கு போன் பண்றதில்ல, நானும் பண்றதில்ல, சுலோகிட்ட தினமும் பேசறான். அவ சமையல்கட்டுல பேசுவா, நான் ஹால்ல பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு அதே வரியத் திரும்பத் திரும்பப் படிப்பேன். சண்டை என்னன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இங்கயே திருச்சியில ஒரு நண்பர்கிட்ட சொல்லி வேலைக்கு ஏற்பாடு பண்ணியிருந்தேன், இவன் இன்டர்வியூவுக்குப் போகல, நண்பர் முன்னாடி எனக்குத் தலை குனிவாப் போச்சு, அதுல ஆரம்பிச்சுது. அப்பறம் நான் ஒண்ணு சொன்னேன், அவன் ஒண்ணு சொன்னான், நான் மறுபடி ஒண்ணு சொன்னேன். யார் முதல்ல சத்தம் போட்டதுன்னு ஞாபகம் இல்ல. ஒரு நாள் நான்னு தோணுது, ஒரு நாள் அவன்னு தோணுது. அவன் செருப்பை மாட்டிக்கிட்டு, இனிமே எதையும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லிட்டுப் போனது மட்டும் தெளிவா இருக்கு. செருப்பு வார் சரியா மாட்டல, குனிஞ்சு மாட்டினான், நான் பாத்துக்கிட்டே நின்னேன். அதோட சரி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சொல்றான். அது யாருக்கும் தெரியாது, சுலோவுக்கே தெரியாது. வத்தலை அவ காய வெச்சு, டப்பாவுல அடுக்கி, நடுவுல பேப்பர் கசக்கி வெச்சு, என்கிட்ட கொடுப்பா. கூரியர் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறது நான். அனுப்பறவர் பேர்ல என் பேரு, என் நம்பரு. அது புனே போய்ச் சேர்ந்ததும் என் போன்ல ஒரு மெசேஜ் வரும். வந்துச்சு. அவ்வளவுதான், ஒத்தை வார்த்தை. முதல் வருஷம் வந்துச்சு. அடுத்த வருஷம் வந்துச்சு. போன வருஷமும் வந்துச்சு. நான் அதைப் பாத்துட்டு போனைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு மாத்திரை வாங்கப் போற மாதிரி ஒரு நடை போய்ட்டு வருவேன். பதில் எதுவும் போடறதில்ல, எதுக்குப் போடணும், ஆபீஸ்ல இத்தனை வருஷம் பழகினது அதுதானே, ஒரு கடுதாசி அனுப்பறோம், கிடைச்சதுன்னு ஒப்புதல் வருது, ஃபைலை மூடிடறோம், ஒப்புதலுக்கு யாராவது ஒப்புதல் அனுப்புவாங்களா.

இந்த வருஷம் வத்தல் இல்லைன்னா பார்சல் இல்ல. பார்சல் இல்லைன்னா வந்துச்சு இல்ல. அப்ப இந்த மிஷின் யாருக்கு? சுலோவுக்குன்னு சொல்லிக்கிட்டு எனக்கு வாங்கறேனா? இல்ல சிபிக்கா? கல்யாண நாள் அவளோடது, மெசேஜ் என்னோடது, வத்தல் அவனோடது, இதுல யாருக்குப் பரிசு, யார் பேரைச் சொல்லி யார் வாங்கறது, எனக்கே குழம்பிப் போச்சு. அவ கண்டுபிடிச்சிடுவாளோன்னு ஒரு பயம் வேற. அவளுக்கு எல்லாம் தெரியும், நான் பேப்பர் படிக்கிறதில்லைன்னுகூட அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறேன், ஒரு நாள் கேட்டா, என்ன அந்தப் பக்கத்தையே நேத்தும் வெச்சிருந்தீங்களேன்னு. பழைய பேப்பர்தான்னு சொன்னேன். வேணாம்னு அவ வாயாலயே சொன்னதை நான் ஏன் கொண்டுபோய் நீட்டணும். ஓய்வு எடுக்கட்டும்னு விடக் கூடாதா. அவளுக்கும் அறுபது தாண்டியாச்சு, கூழைக் கிண்டறதுன்னா சாதாரணமா, தோள்பட்டை பிடிச்சுக்கும், அன்னிக்கு ராத்திரி தைலம் தேய்ச்சுக்குவா. ஒருவேளை உண்மையிலேயே வேணாம்னுதான் சொன்னாளோ, நான்தான் அதுல இல்லாததையெல்லாம் தேடறேனோ. சார், தண்ணி குடிக்கிறீங்களான்னு ஜெசிந்தா கேக்கறா. வேணாம்மா. நாக்கு வறண்டுதான் கிடக்கு, சக்கரை மாத்திரை போட்டா இப்படித்தான் ஆகும், ஆனா தண்ணி குடிச்சா அப்பறம் பாத்ரூம் எங்கன்னு கேக்கணும், அதுக்குள்ள இது கையை விட்டுப் போயிடும். எது போயிடும்? அதுவும் தெரியல. ரெண்டு மிஷினும் எங்கயும் போகப் போறதில்ல, நல்லா மூவ் ஆகுதுன்னு அவ சொன்னதுக்கு நான் வந்ததுலேருந்து ஒருத்தர்கூட இந்தப் பக்கம் வரல.

சரி, சதுரம்தான்னு ஒரு முடிவுக்கு வந்தேன், ஸ்டீலு, துரு பிடிக்காது, பிளாஸ்டிக்ல சூடு பட்டா நாத்தம் வரும், முடிஞ்சுது, இதையே எடுத்துடலாம்னு தட்டை இழுத்தேன். இழுத்தா, தட்டு பூரா ஓட்டை. வலை மாதிரி, கம்பிக் கம்பியா. வட்டத்தைத் திறந்து பாத்தேன், அதுலயும் ஓட்டை, இன்னும் பெரிசு, என் சுண்டு விரல் நுனி போகுது. இது என்னம்மா, ஓட்டையா இருக்கேன்னேன். காத்து போறதுக்கு சார்னா. காத்து போகும், கூழும் போகுமே. அவ முழிச்சா. கூழா சார்? கம்பங்கூழா? அதை ஏன் சார் காய வைக்கணும்? அது இல்லம்மா, அரிசிக் கூழு, வத்தல் பிழியறது. ஓ, அதுவா சார், எங்க வீட்ல அதெல்லாம் பாக்கெட்தான் சார். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம்னு ஆரம்பிச்சா எனக்கே புரியல. கூழ் என்ன பதத்துல இருக்கும்? பிழியும்போது கெட்டியா நிக்குமா, பரவுமா? சாக்கடைக் குழாய்க்கு எவ்வளவு சரிவு குடுக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், என் வீட்டுக் கூழ் எவ்வளவு இளக்கம்னு தெரியல. இத்தனை வருஷமா பக்கத்துலதான் நின்னிருக்கேன். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி மாடிக்குப் போவோம், என் பழைய வேட்டி ஒண்ணை நனைச்சுப் பிழிஞ்சு, ஒரு முனையப் பிடிங்கம்பா, பிடிப்பேன், ரெண்டு பேருமா விரிச்சு நாலு மூலையிலயும் செங்கல் வைப்போம். அவ குத்துக்கால் போட்டு உக்காந்து அச்சுல பிழிஞ்சுக்கிட்டே பின்னால பின்னால நகருவா. சாயங்காலம் வேட்டியத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணி தெளிச்சு, ஒவ்வொண்ணா உரிப்பா. வருஷத்துக்கு என் வேட்டி ஒண்ணு அதுக்குப் போயிடும், கறை போட்டு, மொடமொடன்னு ஆகி. நல்ல வேட்டியக் கெடுக்கிறியேன்னு சத்தம் போட்டிருக்கேன். சிபி சின்னப் பையனா இருக்கும்போது குடையை விரிச்சு வெச்சுக்கிட்டு காக்கா விரட்டறேன்னு உக்காந்து பாதி ஈர வத்தலை அவனே தின்னுடுவான், அவனை விரட்டவே ஒரு ஆள் வேணும். இது எல்லாம் ஞாபகம் இருக்கு. கூழோட பதம் மட்டும் ஞாபகம் இல்ல, ஏன்னா நான் அதைத் தொட்டதே இல்ல.

மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன் சார்ங்கிறா ஜெசிந்தா. எப்படிக் கேக்கறது, கேட்டா விஷயம் வெளிய வந்துடும், வந்தா வேணாம்னு ஒரு வார்த்தையில முடிச்சுடுவா, அந்த வேணாமை மறுபடி என்னால கேக்க முடியாது. இவ்வளவு சாதாரணமா ஒரு விஷயம் நின்னு போகுமா. அவன் அனுப்பற அந்த ஒத்தை வார்த்தை இந்த வருஷம் வரலைன்னா, அடுத்த வருஷம் எதுக்கு வரும், அப்பறம் எப்பதான் வரும். நான் போனதுக்கப்பறம் வருவான், வந்து எல்லாம் செய்வான், அதைப் பாக்க நான் இருக்கமாட்டேன். சீ, என்ன நினைப்பு இது, மிஷின் வாங்க வந்த இடத்துல. வேற யாரும் இல்லையா சார் வீட்ல, பசங்க? பையன் இருக்கான்னேன். அவங்களைக் கேளுங்க சார், பசங்கதான் இதெல்லாம் பாத்து வெச்சிருப்பாங்க. அவன் புனேல இருக்கான்மா. போன் இருக்குல்ல சார்னா. எவ்வளவு சுலபமா சொல்லிட்டா. போன் இருக்குல்ல. இருக்கு, சட்டைப் பையிலதான் இருக்கு. எடுத்தேன். அவன் பேரைத் தேடினேன், அதுல மூணு வந்துச்சும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்குது, என் பக்கம் காலியா இருக்கு. மெசேஜ் போடலாமான்னு தட்டினேன், தட்டில் ஓட்டை உள்ளது, கூழ் ஒழுகுமா. வாரியத்துக்கு வர்ற புகார் மனு மாதிரி இருந்துச்சு, அழிச்சேன். வணக்கம்னு ஆரம்பிக்கிறதா, சிபின்னு ஆரம்பிக்கிறதா, இவ்வளவு நாள் கழிச்சு ஒரு மனுஷன் எழுதற முதல் வார்த்தை ஓட்டையா. ஆனா எனக்கு வேற எதுவும் கேக்கறதுக்கு இல்ல. எப்படிடா இருக்கேன்னு கேக்க உரிமை இருக்கா தெரியல, ஓட்டையப் பத்திக் கேக்கலாம், அவனுக்குக் காத்தும் சூடும்தான் வேலை. சின்ன வயசுல வீட்டு மிக்ஸியக் கழட்டி அடி வாங்கினவன். வட்டமா சதுரமான்னு அவனால சொல்ல முடியும். நான் கேக்கறது மிஷினைப் பத்தித்தான். மிஷினைப் பத்தி மட்டும்தான். அப்படின்னு சொல்லிக்கிட்டே பச்சை பட்டனை அமுக்கிட்டேன். டிவி பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன், அந்தப் பொண்ணு பாக்க வேணாம்னு. ரிங் போகுது, எடுக்கமாட்டான், எடுக்காம இருந்தா நல்லது, எடுக்காம இருந்தா என்ன பண்றது.

எடுத்தான். அலோ இல்ல, சொல்லுங்க இல்ல. அம்மாவுக்கு என்னன்னு கேட்டான். குரலே அவனோடதா இல்ல, எங்கயோ மூச்சு முட்ட ஓடி வந்த மாதிரி. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என் நம்பர்லேருந்து அவனுக்கு போன் போனா அதுக்கு ஒரே அர்த்தம்தான்னு இத்தனை நாள் அவன் வெச்சிருந்திருக்கான். இதை நான் யோசிக்கவே இல்ல, வட்டம் சதுரம் எல்லாம் யோசிச்சேன், இதை யோசிக்கல. அம்மா நல்லாருக்கா, வீட்ல இருக்கா, நான் வரும்போது பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தான்னு கடகடன்னு சொன்னேன். நிஜமாவா? நிஜமாடா. அந்தப் பக்கம் அவன் எங்கயோ உக்கார்ற சத்தம் கேட்டுச்சு. நாற்காலி இழுபட்டுச்சு. பின்ன என்ன, உங்களுக்கு ஏதாவதான்னான். எனக்கு ஒண்ணும் இல்ல. பின்ன? தட்டுல ஓட்டை இருக்குன்னேன். வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எந்தத் தட்டுல? நான் சொல்ல ஆரம்பிச்சேன், தலையும் இல்லாம வாலும் இல்லாம, சோலார் தகடு, பூட்டு, சாவி ஆணியில தொங்கறது, அம்மா வத்தல் வேணாம்னு சொன்னது, நாளைக்குக் கல்யாண நாளு, கடையில ரெண்டு இருக்கு, ஒண்ணு வட்டம் ஒண்ணு சதுரம், கூழைப் பிழிஞ்சா ஒழுகிடுமேன்னு. அவன் குறுக்க பேசல. நான் நிறுத்தினதும் சிரிக்கிறானோன்னு பாத்தேன், சிரிக்கல. காத்து எங்கேருந்து வருது, கீழயா பின்னாலயான்னு கேட்டான். வட்டத்துக்குக் கீழ, சதுரத்துக்குப் பின்னால. பின்னால வர்றதை வாங்குங்க, கீழேருந்து வந்தா துணி மறைச்சிரும். எந்தத் துணி? உங்க வேட்டிதான், தட்டு அளவுக்குக் கிழிச்சு நனைச்சுப் போட்டு அது மேல பிழியச் சொல்லுங்க, மாடியில மட்டும் என்ன, செங்கல் தரையிலயா காயுது, வேட்டியிலதானே.

வேட்டியில. இவ்வளவு நேரம் ஓட்டைக்குள்ள விரலை விட்டு விட்டுப் பாத்துக்கிட்டு நின்னவனுக்கு அந்த வேட்டி தோணல. வருஷா வருஷம் ஒரு முனையப் பிடிச்சவன் நான். சதுரத்துக்கு பில் போடும்மான்னு ஜெசிந்தாவுக்கு ஜாடை காட்டினேன், அவ சந்தோஷமா டப்பாவைத் தேடப் போனா. இனிமே என்ன பேசறது, கேக்க வந்ததைக் கேட்டாச்சு, போனை வெச்சுடணும், வைக்கிறேன்னு சொல்லணும், சொன்னா வெச்சுடுவான். டிவியில அருவி கொட்டிக்கிட்டே இருக்கு. அவனும் வைக்கல, அவன் பக்கத்துல யாரோ ஹிந்தியில கூப்பிடறாங்க, ஒரு நிமிஷம்னு அவங்களுக்குப் பதில் சொல்றான். அப்பறம் சொன்னான், ஒண்ணு கேக்கணும். கேளுடா. வருஷா வருஷம் பார்சல் வந்ததும் உங்களுக்கு மெசேஜ் போடறேன். அம்மாகிட்டதான் தினமும் பேசறேனே, அவங்ககிட்டயே சொல்லிட்டா போச்சு. உங்களுக்குன்னு தனியா போடறேன். போட்டுட்டு அன்னிக்குப் பூரா போனைப் பாத்துக்கிட்டு இருப்பேன். சரின்னு ஒரு வார்த்தை போட்டா என்னப்பா?

ஒப்புதலுக்கு ஒப்புதல் கிடையாதுடா, ஆபீஸ் வழக்கம் அதுன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அப்படிச் சொல்லியிருந்தா என்னை மாதிரி முட்டாள் உலகத்துல இருக்கமாட்டான். அன்னிக்குப் பூரா பாத்துக்கிட்டு இருப்பானாம். நான் அந்த நேரம் மாத்திரை வாங்கப் போற மாதிரி தெருவை அளந்துக்கிட்டு இருந்திருக்கேன், சந்தோஷத்துல. ரெண்டு பேருமே போனைக் கையில வெச்சுக்கிட்டு. கண்ணு கரிச்சுது, ஏசிக் காத்து நேரா முகத்துல அடிக்குது, அதனாலயும் இருக்கலாம். எவ்வளவோ சொல்லணும்னு இருந்துச்சு, அந்த நண்பர் விஷயம், செருப்பு வார், எல்லாம். ஒண்ணும் கோர்வையா வரல. சார், டெலிவரி எந்த அட்ரஸ்னு ஜெசிந்தா வந்து நின்னா, இரும்மான்னு கையைக் காட்டினேன். சரின்னு சொன்னேன். அவன் பக்கத்துலேருந்து சத்தமே இல்ல. கேட்டுச்சா இல்லையா, லைன் போயிடுச்சா, ஒண்ணும் தெரியல. போனைக் காதுல அழுத்தி இன்னும் கொஞ்சம் சத்தமா, சரிடா சிபின்னேன், பக்கத்துல ஃபிரிட்ஜ் பாத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பினாங்க.

கேட்டுச்சுன்னான்.